சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தால் எந்த வழி? ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

"கிரியாட்டினின் அஞ்சைத் தாண்டிருச்சாம். டயாலிசிஸுக்குத் தயாராகுங்கன்னு சொல்றாங்க. மதுரையில ஒரு டாக்டர், வயித்துல குழாய் வச்சு வீட்டுலயே செய்யலாம்ங்கிறாரு. தம்பி ஒருத்தன் கிட்னி தர்றேன்னு நிக்கிறான். எதைச் செய்யிறதுண்ணே?"

தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்தில் போன மாதம் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். இந்தக் கேள்வியை நான்கு வருடமாகப் பலரிடமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அம்மா பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போனவர். இருபது வருடச் சர்க்கரை. முதலில் கால் மரத்தது, அப்புறம் கண் மங்கியது, கடைசியில் சிறுநீரகம். 2022 முதல் புதனும் சனியும் ராமநாதபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். உச்சிப்புளியில் இருக்கும் என் சித்தப்பா வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறார். கூடப் படித்த மண்டபத்து நண்பன் ஒருவனுக்கு அவன் மனைவி சிறுநீரகம் கொடுத்தார். ஆக மூன்று வழிகளையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். நான் மருத்துவன் இல்லை. உங்கள் உடம்புக்கு எது ஏற்றது என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் முன் போய் உட்காரும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க இது உதவும்.

## எதை வைத்து எடைபோடுவது

நிறையப் பேர் முதலில் கேட்பது "எது நல்லது?" என்று. நான் திருப்பிக் கேட்பது "வீடு எங்கே?" என்று. தொண்டியில் இருப்பவருக்கும் சாயல்குடியில் இருப்பவருக்கும் ராமேஸ்வரம் தீவில் இருப்பவருக்கும் பாதை வேறு, பஸ் வேறு. வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள், வருடக்கணக்கில் போகவேண்டிய இடம் எவ்வளவு தூரம் என்பது மருந்தைப் போலவே முக்கியம்.

அடுத்தது தண்ணீர். இந்தக் கடற்கரையில் குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் டயாலிசிஸ் செய்ய வேண்டுமானால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாங்கும் தண்ணீரில் சிக்கனம் பார்க்கும் வீட்டில் கை கழுவுவதுதான் முதலில் குறையும்.

மூன்றாவது, நரம்பும் கண்ணும். சர்க்கரை சிறுநீரகத்தை மட்டும் தனியாகத் தாக்குவதில்லை. நுண்ணிய ரத்தக் குழாய்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் அதே சேதம் நடக்கிறது. சிறுநீரகம் இந்த அளவுக்குப் போனவரிடம் பெரும்பாலும் விரல் நுனி மரத்திருக்கும், விழித்திரை பாதித்திருக்கும், வயிற்றையும் ரத்த அழுத்தத்தையும் ஆளும் தன்னியக்க நரம்புகளும் தளர்ந்திருக்கும். சர்க்கரை நோயாளிக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதைப் பல நேரம் இந்த நரம்புகள்தான் முடிவு செய்கின்றன. இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

நான்காவது, வீட்டில் யாருடைய கை இருக்கிறது என்பது. ஐந்தாவது, இதயத்தின் நிலை. ஆறாவது, பணம். அதில் சிகிச்சைக் கட்டணத்தைவிட, கூட வருபவரின் ஒரு நாள் கூலியும் பஸ், வேன் செலவும்தான் மெல்ல மெல்லக் குடும்பத்தைக் கரைப்பவை.

## முதலில், உண்மையிலேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டோமா?

ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதும், அதை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பதும் இரண்டுமே தவறு. வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் என்ற எண்ணைக் கேளுங்கள். அது 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே வந்தால் அடுத்த கட்டத்துக்குத் தயாராக வேண்டிய நேரம். 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு. அதற்கெல்லாம் பல வருடம் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். அது ஒரு சின்னச் சிறுநீர்ப் பரிசோதனை. வருடத்துக்கு ஒரு முறை போதும்.

புரதம் கசியும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்று உண்மையான வாய்ப்பு இருக்கிறது. லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் நீண்ட காலமாகச் சிறுநீரகத்தைக் காத்து வருகின்றன. 2019-க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகள், டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீரகம் தளரும் வேகத்தைக் குறைப்பதைக் காட்டின. டபாக்லிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-இலும் எம்பாக்லிஃப்ளோசினின் காப்புரிமை 2025-இலும் முடிந்துவிட்டன. விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. ஃபினரினோன் மாத்திரையும், 2024-இல் செமாக்ளூடைட் ஊசியும் இந்த வரிசையில் சேர்ந்தன. ஆனால் செமாக்ளூடைட் செலவை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இவற்றில் எது உங்களுக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். பொட்டாசியம் ஏறுகிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

எண் 15-க்குக் கீழே போனாலும் அன்றைக்கே மிஷினில் படுக்க வேண்டும் என்பதில்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே டயாலிசிஸ் தொடங்கியதால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. மூச்சிரைப்பு, அடங்காத வீக்கம், குமட்டல், சாப்பிட முடியாமை, கட்டுக்குள் வராத பொட்டாசியம் இவைதான் தொடங்கச் சொல்பவை. தொடங்குவதைத் தள்ளலாம். தயாராவதைத் தள்ளக் கூடாது. நாங்கள் தள்ளினோம். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவை) செய்துகொள்ளச் சொன்னபோது, "இன்னும் நல்லாத்தானே இருக்கேன்" என்று அம்மா மறுத்தார், நானும் சரி என்றேன். ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் மூச்சு முட்டி, கழுத்தில் குழாய் போட்டு முதல் டயாலிசிஸ். அந்தக் குழாயில் கிருமி சேர்ந்து, காய்ச்சலோடு பதினாறு நாள் படுக்கை.

இந்தக் கட்டத்தில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். அதனால் சர்க்கரை அளவு தானாகவே இறங்கும். "சுகர் குணமாயிருச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். பழைய அளவிலேயே ஊசி போட்டால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்கள். சர்க்கரை அளவு குறைந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

## மையத்தில் மிஷின் டயாலிசிஸ்

ரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டி, திருப்பி அனுப்பும் முறை. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். வாரம் மூன்று தடவை என்பதுதான் நூல் சொல்லும் அளவு. நம் பக்கம் பலருக்கு இரண்டுதான் கிடைக்கிறது. ஒரு தடவைக்கு மட்டும் சுத்திகரித்த தண்ணீர் சுமார் 120 லிட்டர் செலவாகும். அதைப் பார்த்துக்கொள்வது மருத்துவமனை. நம் வீட்டுக் குடத்துக்கு வேலையில்லை. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தெருக்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இதன் பலம் இதுதான். செய்வது பயிற்சி பெற்ற கைகள். கண் தெரியாதவர், கை நடுங்குபவர், வீட்டில் துணையில்லாதவர், கூரை வீட்டில் இருப்பவர் எல்லோருக்கும் ஏற்றது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் கட்டணம் இல்லை. 2016-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் அரசு மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யத்தான் வந்தது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் வட்டாரத்து அரசு மருத்துவமனையில் இடம் இருக்கிறதா என்று முதலில் அங்கேயே கேளுங்கள். பக்கத்தில் கிடைத்தால் வருடத்துக்கு நூறு பயணம் மிச்சம்.

மறைந்திருக்கும் செலவு அந்தப் பயணத்தில்தான். நாங்கள் காலை பத்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டு ஆகும். பாம்பன் பாலம் தாண்டிப் போய், காத்திருந்து, நான்கு மணி நேரம் படுத்து, தலை சுற்றல் அடங்கும் வரை உட்கார்ந்து, பஸ் பிடித்து வர வேண்டும். அன்று எனக்கு வேலை இல்லை. இரண்டு பேர் போக்குவரத்து, சாப்பாடு, ஒருவர் கூலி என்று எழுதிப் பாருங்கள். "இலவச" சிகிச்சைக்கு ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு கொடுக்கிறது என்று தெரியும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் வருமானம் நின்றாலும் டயாலிசிஸ் நிற்காது.

மழையும் ஒரு கணக்கு. 2024 நவம்பர் 20 புதன்கிழமை ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அம்மாவின் முறை அன்றுதான். தெருவில் முழங்கால் தண்ணீர். போகவே முடியவில்லை. மறுநாள் கெஞ்சி இடம் வாங்கிப் போகும் வரை அவர் குடித்த ஒவ்வொரு மடக்கு தண்ணீரும் நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது போல இருந்தது எனக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மையத்தில் பேசிவையுங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் முன்னதாகச் செய்வார்களா என்று.

சர்க்கரை நோயாளிக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. மிஷின் நான்கு மணி நேரத்தில் இரண்டு, மூன்று லிட்டர் நீரை இழுக்கும்போது, ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் நரம்புகள் சர்க்கரையால் தளர்ந்திருந்தால், அழுத்தம் சடாரென்று விழும். கண் இருட்டும், கெண்டைக்கால் இழுக்கும், வாந்தி வரும். இரண்டு தடவைக்கு இடையே எடை எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு இது குறையும். எடை ஏறுவது தண்ணீரால். தண்ணீர் குடிக்க வைப்பது உப்பு. அதாவது கருவாடு. எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் கருவாட்டுக்காகத்தான். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஒரு வேளை சாப்பிட்டால் அடுத்த முறை எடை மிஷின் காட்டிக்கொடுத்துவிடும். இளநீரும் கூடாது, பொட்டாசியம் அதிகம். உப்பைக் குறைக்கிறேன் என்று "லோ சோடியம்" உப்பு வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது.

ஃபிஸ்டுலாவைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சின்ன அறுவை சிகிச்சை. அது முதிர்ந்து ஊசி தாங்க ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். சர்க்கரையால் ரத்தக் குழாய் கெட்டவர்களுக்கு முதல் தடவை சரியாக அமையாமலும் போகலாம். எனவே இஜிஎஃப்ஆர் எண் 20-ஐ நெருங்கும்போதே எழுதாத கையைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கையில் ரத்தம் எடுக்க விடாதீர்கள், குளுக்கோஸ் ஏற்ற விடாதீர்கள்.

## வீட்டில் வயிற்று வழி டயாலிசிஸ்

வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் சவ்வே இங்கே வடிகட்டி. அடிவயிற்றில் ஒரு மெல்லிய குழாய் நிரந்தரமாக இருக்கும். இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியேற்றி, புதியதை விட வேண்டும். இதை "பை மாற்றுவது" என்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. குழாய் போட்டபின் பொதுவாக இரண்டு வாரம் ஆறவிட்டுத் தொடங்குவார்கள்.

சித்தப்பாவைப் பார்க்கும்போது பொறாமையாகக்கூட இருக்கிறது. பயணம் இல்லை. தன் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். நீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் அழுத்தம் சடாரென்று விழுவதில்லை. தன்னியக்க நரம்பு தளர்ந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இது மென்மையானது. கொஞ்சநஞ்சம் வரும் சிறுநீரும் அதிக நாள் நிற்காமல் வரும். பழம், காய் விஷயத்தில் கெடுபிடி குறைவு. ஊசி இல்லை.

இனி மறுபக்கம். திரவத்தில் இருப்பது குளுக்கோஸ். அதில் ஒரு பகுதி உடம்புக்குள் போகும். சர்க்கரை ஏறும், எடை ஏறும், இன்சுலின் கூட்ட வேண்டியிருக்கும். வெளியேறும் திரவத்தோடு புரதமும் போய்விடும். எனவே முட்டை வெள்ளைக்கரு, மீன் கூடுதலாகத் தேவை. மீன் நம் ஊரில் கிடைக்கும் என்பது நல்லது, ஆனால் உப்பிடாத மீன். இரைப்பை நரம்பு தளர்ந்து, சாப்பிட்டது மெதுவாக இறங்குபவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வும் குமட்டலும் இன்னும் கூடும். ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் குளுக்கோமீட்டர் அதற்கு ஏற்றதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். சில வகை மீட்டர்கள் சர்க்கரையை இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

பெரிய பயம் கிருமி. வெளியே வரும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி வந்தாலோ, வயிறு வலித்தாலோ அன்றைக்கே, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. குழாய் வெளியே வரும் இடத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. கடலில் இறங்குவது, அக்னி தீர்த்தத்தில் முங்குவது, கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நனைவது எல்லாம் நிற்கும். பாசி எடுப்பவர், வலை இழுக்க இடுப்பளவு நீரில் நிற்பவர் இந்த வழிக்குப் போனால் தொழிலை மாற்றியே ஆகவேண்டும். அதை முன்பே பேசிவிடுங்கள்.

அப்புறம் இடம். ஒரு நாளைக்கு மூன்று பை என்றாலே மாதம் 180 லிட்டர் திரவம், அட்டைப்பெட்டிகளாக வந்து இறங்கும். வெயில் படாத, ஒழுகாத ஒரு மூலை வேண்டும். பை மாற்றும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, முகக்கவசம் போட்டு, கை கழுவ வேண்டும். கடற்காற்றோடு மணல் வந்து விழும் வீட்டில் ஓர் அறையை இதற்கென்றே ஒதுக்க முடியுமா என்று யோசியுங்கள். சித்தப்பா வீட்டில் கை கழுவ மட்டும் தினமும் ஒரு குடம் தனியாக எடுத்து வைக்கிறார்கள், குழாய் வைத்த டிரம்மில். அந்தக் குடத்தை வேறு எதற்கும் யாரும் தொடுவதில்லை.

வெளியில் வாங்கினால் இந்தப் பைகளுக்கு மாதம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடும். ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் ஒரு பகுதி. காப்பீட்டுத் திட்ட அலுவலரிடமும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைப் பற்றிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பணமில்லை என்று கேட்காமலே இந்த வழியை ஒதுக்குபவர்கள் பலர்.

அம்மாவுக்கு ஏன் இது ஒத்துவரவில்லை என்று கேட்பார்கள். விரல் நுனியில் உணர்வில்லை, ஒரு கண் சரியாகத் தெரியவில்லை. குழாயின் மூடியைத் தொடாமல் இணைக்க அவரால் முடியாது. வேறொருவர் செய்யலாம், அது அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் தினம் நான்கு வேளை வீட்டில் இருக்க நானும் என் மனைவியும் வேலையை விட வேண்டியிருக்கும். முழுநேரத் துணை இருக்கும் வீட்டுக்கு, நிலைமை வேறு.

## மாற்றுச் சிறுநீரகம்

பொருந்துபவர்களுக்கு மூன்றிலும் சிறந்தது இதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கும் டயாலிசிஸில் தொடர்வதைவிட மாற்றுச் சிறுநீரகத்தில் ஆயுள் கூடுதல். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. சிறுநீரகக் கழிவால் கெட்ட நரம்புகளும் அதன்பின் ஓரளவு தேறுகின்றன.

ஆனால் பொருந்துவது எளிதல்ல. சர்க்கரை இத்தனை வருடம் இருந்தவருக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் இதயத்தைப் பார்ப்பார்கள். காலில் ஆறாத புண் இருந்தால் நிறுத்திவைப்பார்கள், ஏனென்றால் பிறகு கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. கால் நரம்பைக் கவனிக்காதது இங்கே வந்து வழியை மறிக்கும்.

யார் கொடுப்பது? 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி நெருங்கிய உறவினர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். தம்பி தருகிறேன் என்று முன்வருவது பெரிய மனது. ஆனால் சர்க்கரைக் குடும்பத்தில் தம்பிக்கும் அது வரக்கூடும். அவரைத் தீரப் பரிசோதிக்காமல் எந்த நல்ல மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இளம் வயதுப் பிள்ளைகளிடம் வாங்குவதை நான் தனிப்பட்ட முறையில் விரும்பவில்லை. அம்மாவும் என்னிடம் வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் மருமகளோ மனைவியோ கொடுக்கத்தான் வேண்டும் என்று மறைமுகமாக நெருக்குவதையும் பார்த்திருக்கிறேன். கொடுப்பவரிடம் தனியாக, யாரும் இல்லாமல், மனமார விருப்பமா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

உறவில் யாரும் இல்லையென்றால், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கிடைக்கத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் ஒரு பதிவு பெற்ற மருத்துவமனை வழியாகப் பெயர் சேர்க்கலாம். பெயர் சேர்க்க டயாலிசிஸில் வருடக்கணக்கில் தேய வேண்டியதில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம். கூப்பிட்டவுடன் மதுரைக்கோ சென்னைக்கோ சில மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். போன் எப்போதும் கையில், வண்டிக்கு ஆள் எப்போதும் தயார்.

மறைந்திருக்கும் செலவு அறுவைக்குப் பிறகுதான். அறுவைக்குக் காப்பீடு உதவும். அதன்பின் ஆயுள் முழுக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், ஸ்டீராய்டு மாத்திரைகள். ஒரு நாள்கூட விடக் கூடாது. இவற்றில் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றுபவை. என் நண்பனுக்கு அறுவைக்குப் பின் இன்சுலின் இரு மடங்கானது. முதல் மாதங்களில் அடிக்கடி மதுரை போய் ரத்தப் பரிசோதனை. ராமநாதபுரத்திலிருந்தே மதுரை நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மேல். பலர் அங்கேயே சில மாதம் வாடகைக்கு வீடு எடுக்கிறார்கள். மாத்திரைகள் தொடர்ந்து இலவசமாகக் கிடைக்குமா, எந்த மருத்துவமனையில், எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புதிய சிறுநீரகமும் பழையதன் வழியில் போகும்.

## டயாலிசிஸ் இல்லாமல்

இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். ஆனால் எண்பது வயதைத் தொட்டவர், இதயமும் தளர்ந்து, படுக்கையிலேயே இருப்பவர், நினைவு மங்கியவர் என்றால் டயாலிசிஸ் ஆயுளைப் பெரிதாகக் கூட்டாமல் மிச்ச நாட்களை வேனிலும் மருத்துவமனைக் கட்டிலிலும் கழிக்க வைக்கலாம். வீக்கத்துக்கும் மூச்சிரைப்புக்கும் மாத்திரை, ரத்தசோகைக்கு ஊசி, அரிப்புக்கும் வலிக்கும் மருந்து என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்வதும் ஒரு முழுச் சிகிச்சைதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி நிவாரண செவிலியர் வீட்டுக்கு வருகிறார். பெரியவர் தெளிவாக இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள். பிள்ளைகள் கூடி முடிவெடுத்துவிட்டு அவருக்குச் சொல்வது முறையாகாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பார்க்க வேண்டியது | மையத்து மிஷின் | வீட்டில் வயிற்று வழி | மாற்றுச் சிறுநீரகம் |
|---|---|---|---|
| பயணம் | வாரம் 2–3 தடவை, நிற்காது | மாதத்துக்கு ஒன்றிரண்டு பரிசோதனை | முதல் வருடம் அடிக்கடி, பிறகு குறையும் |
| வீட்டுத் தண்ணீர், இடம் | தேவையில்லை | கட்டாயம் | சுத்தமான, கொதித்து ஆறிய குடிநீர் |
| மரத்த விரல், மங்கிய கண் | தடையில்லை | துணை இல்லாமல் முடியாது | மாத்திரைக் கணக்கு பார்க்க ஆள் வேண்டும் |
| அழுத்தம் சடாரென்று விழுபவர் | கஷ்டம் | ஏற்றது | இதயம் தேறினால் ஏற்றது |
| சர்க்கரை மீது விளைவு | தாழும் வாய்ப்பு | ஏறும் | ஏறும் |
| கடல் தொழில் | கையைக் காத்துக்கொண்டு இலகுவான வேலை | நீரில் இறங்க முடியாது | தேறிய பின் மருத்துவர் அனுமதியோடு |
| கவனிக்காத செலவு | கூலி இழப்பு, வண்டி | பை, தனி அறை, புரத உணவு | ஆயுள் முழுக்க மாத்திரை |

ஒன்றில் தொடங்கி இன்னொன்றுக்கு மாறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மிஷினில் தொடங்கி, பட்டியலில் பெயர் சேர்த்து, ஆறு வருடம் கழித்து மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரையும் எனக்குத் தெரியும். ஐம்பது வயதுக்குள், இதயம் நன்றாக இருக்கிறது, கொடுக்க ஆள் இருக்கிறது என்றால் நான் நேராக மாற்றுச் சிறுநீரகத்தைத்தான் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். தீவிலோ வாலிநோக்கம் பக்கமோ தூரத்தில் இருந்து, வீட்டில் சுத்தமாகச் செய்ய ஒரு கை இருந்தால் வயிற்று வழி. மற்றவர்களுக்கு மையம்.

## கால் எரிச்சலுக்கு எந்த மாத்திரை?

எந்த வழியில் போனாலும் நரம்பு வலி கூடவே வரும். இரவில் பாதம் காந்தும், ஊசி குத்தும். இங்கே மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதும் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

பிரிகாபலினும் காபாபென்டினும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழக்கமான அளவு கொடுத்தால் தேங்கி, தூக்கமும் தள்ளாட்டமும் வரும். அம்மா ஒரு முறை இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. பக்கவாதமோ என்று பயந்து ஓடினோம், காரணம் அளவு குறைக்காமல் எழுதிய பிரிகாபலின். இப்போது மிகச் சிறிய அளவு, டயாலிசிஸ் முடிந்த இரவில் மட்டும். டுலாக்செடின் நல்ல மருந்து, ஆனால் இஜிஎஃப்ஆர் எண் 30-க்குக் கீழே இருந்தால் தவிர்ப்பார்கள். அமிட்ரிப்டிலின் விலை மலிவு, இரவில் தூக்கமும் தரும். ஆனால் வாய் வறளும், வறண்டால் தண்ணீர் கேட்கும், டயாலிசிஸ்காரருக்கு அது வினை. எழுந்து நிற்கையில் அழுத்தம் விழுபவருக்கும் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கும் ஆகாது. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் களிம்பு ரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை. அதனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு யோசிக்கத் தக்கது. முதலில் சில நாள் எரியும், புண் உள்ள இடத்தில் கூடாது. நம்மூர் குண்டு மிளகாயை அரைத்துத் தடவிப் பார்த்தவர்கள் உண்டு, தோல் வெந்துவிடும், தயவுசெய்து வேண்டாம். டைக்ளோஃபினாக் போன்ற வலி ஊசியோ மாத்திரையோ பக்கமே போகாதீர்கள், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தால் ஊசி போட நரம்பு ஓரளவு தேறக்கூடும்.

இந்த மாத்திரைகள் எல்லாம் எரிச்சலைத்தான் அடக்கும். போன உணர்வைத் திருப்பித் தராது. மரத்த கால் மரத்த காலாகவே இருக்கும், அதற்கு மருந்து கண்தான். தமிழக அரசின் பாதம் பாதுகாப்போம் திட்டத்தில் கால் உணர்வைப் பரிசோதிக்கிறார்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுக் கேட்பார்கள். நம் பக்கத்துப் பெண்கள் பவளப்பாறை மேல் நடந்து பாசி எடுத்த கால்கள், உச்சி வெயிலில் சுடு மணலைத் தாண்டிய கால்கள். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தக் கால்களுக்கு எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும், வீட்டுக்குள்ளும்.

புதனும் சனியும் கிளம்பும் முன் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு வரை பார்ப்பேன். ஒரு தடவை குதிகாலில் கருப்பாக ஏதோ தெரிந்தது. சீமைக் கருவேல முள், உள்ளே ஒடிந்து நின்றது. இரண்டு நாளாக அதன் மேல் நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. அன்று டயாலிசிஸுக்குப் போனதும் முதலில் காலைக் காட்டினோம், அங்கேயே எடுத்துக் கட்டுப்போட்டு, ஆறும் வரை ஒவ்வொரு முறையும் பார்த்தார்கள்.